யார் சொன்னது? பிரெஞ்சுக்காரர் கேள்விப்பட்டதைச் சொல்லும் விதங்கள்

தெல்ஃப் பே-தூ என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் கொப்பியை வாங்கிப் பார்த்தால் எங்கேயாவது ஒரு பக்கத்தில் ஒரு பட்டியல் கட்டாயம் இருக்கும். இல் பரே கு, இல் சாம்பிள் கு, ஓன் திரே கு, ஜே லம்ப்ரெஸியோன் கு, சான் தூத். பக்கத்திலேயே பென்சிலால் "போல", "போல", "போல" என்று எழுதி வைத்திருப்பார்கள். அது பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வேலைத்தளத்திலோ பிள்ளையின் பள்ளிக்கூட வாசலிலோ கதைக்கப் போனால், எதிரே நிற்கிறவரின் முகம் சற்றுச் சுருங்கும். இலக்கணம் சரியாகத்தான் இருக்கும். நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறீர்களா, யாரோ சொன்னதைச் சொல்கிறீர்களா, சும்மா ஊகிக்கிறீர்களா என்பதுதான் அவருக்கு மாறிப் போய்ச் சேர்ந்திருக்கும்.

நான் பாரிஸ் பக்கத்தில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன். அகதி விண்ணப்பம், வைத்தியசாலை, பள்ளிக்கூடம் என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போவேன். இந்த வேலையில் இருந்து எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: இந்தச் சொற்களெல்லாம் "போல" என்று சொல்ல வந்தவை இல்லை. நாளைக்கு இந்தத் தகவல் பொய்யென்று தெரிந்தால் யாரைப் பிடிப்பது என்ற கேள்விக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிற பதில்கள் இவை.

கண்ணால் காண்பதில் இருந்து தொடங்குவோம், அதுதான் சுலபம். வானம் கறுத்திருக்கிறது. "ஓன் திரே கில் வா ப்ளெவ்வார்" என்பார்கள், மழை வரும் போலிருக்கு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் "மழை வரும் என்று ஒருவர் சொல்லக்கூடும்", ஆனால் யாரும் எதையும் சொல்லவில்லை, வானத்தைப் பார்த்தவர் அவரேதான். ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு "அவ்வார் லேர்" இருக்கிறது. "எல் அ லேர் ஃபத்திகே", அவ களைச்சுப் போனமாதிரி இருக்கிறா. இதில் பெயரடை அந்தப் பெண்ணோடு சேர்ந்து பெண்பாலாக வேண்டுமா, "லேர்" என்ற ஆண்பால் சொல்லோடு சேர்ந்து ஆண்பாலாக வேண்டுமா என்று பிரெஞ்சுக்காரர்களே சண்டை பிடிப்பார்கள், இரண்டும் சரிதான், விட்டுவிடலாம். "ஜே லம்ப்ரெஸியோன் கு" என்பது மனதுக்குள் படுவது. இவற்றில் எதைச் சொன்னாலும் பொறுப்பு சொன்னவருடையது. நான் பார்த்தேன், எனக்கு அப்படிப் பட்டது, பிழையாக இருந்தால் என் கண்ணைக் குறை சொல்லுங்கள்.

சிக்கல் "பரேத்ர்", "சாம்ப்ளே" என்ற இரண்டு வினைகளில் தொடங்குகிறது. அகராதியில் இரண்டுக்கும் தோன்றுதல் என்றே போட்டிருக்கும். ஆனால் "இல் பரே கு" என்று ஒருவர் வாயைத் திறந்தால் அவருக்கு எதுவும் தோன்றவில்லை, யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "இல் பரே கில் தெமெனாஜ்", அவர் வீடு மாறுகிறாராம். "இல் சாம்பிள் கு" அப்படி இல்லை. அங்கே வேறொருவர் கிடையாது. தடயங்களைப் பார்க்கும்போது அப்படித் தெரிகிறது, ஆனால் உறுதி இல்லை. அந்த உறுதியின்மைக்காகவே அதன் பின்னால் வழக்கமாக சுப்ஜோங்தீஃப் வரும், உறுதியாகச் சொல்லாததற்குப் போடுகிற தனி வினை வடிவம் அது. இதற்குள் "மு" என்ற ஒரு சின்னச் சொல்லைப் போட்டு "இல் மு சாம்பிள் கு" என்று ஆக்கினால், அதாவது "எனக்குத் தோன்றுகிறது" என்று சொன்னால், சுப்ஜோங்தீஃப் காணாமல் போய் சாதாரண வினை வந்துவிடுகிறது. உலகத்துக்குத் தோன்றினால் சந்தேகம், எனக்குத் தோன்றினால் சந்தேகம் குறைவு! இலக்கணப் புத்தகங்கள் இதை ஒரு விதி என்று எழுதிவிட்டுப் போய்விடும். எனக்கென்னவோ இதில் பிரெஞ்சுக்காரரின் சுபாவமே இருக்கிறது என்று படும். அலுவலகக் கூட்டத்தில் யாராவது மிகவும் பணிவான குரலில் "இல் மு சாம்பிள் கு நூ ஸாவியோன் தி ஜெதி", வியாழக்கிழமை என்று பேசியதாக எனக்கு ஞாபகம், என்று தொடங்கினால், நீங்கள் மறந்துவிட்டீர்கள், எனக்கு நன்றாகவே தெரியும், எல்லாருக்கும் முன்னால் அதைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கேள்விப்பட்டதற்கு வருவோம். இந்த இடத்தில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது, அது பாடப்புத்தகங்களுக்குத் தெரியாது. நாங்கள் பிறந்ததில் இருந்தே "ஆம்" போட்டுப் பழகியவர்கள். வந்தாராம், போனாவாம், கலியாணமாம், செத்த வீடாம். வினையின் வாலில் அதை ஒட்டிவிட்டால் போதும், இது நான் பார்த்ததில்லை, காதில் விழுந்தது என்று கேட்கிறவருக்கு விளங்கிவிடும். பிரெஞ்சிலும் வினையையே கொஞ்சம் திருகி இதைச் செய்ய ஒரு வழி உண்டு. கோன்திசியொனெல். எதிர்கால வினையின் அடியை எடுத்து அதில் இறந்தகால விகுதியை ஒட்டி ஆக்கிய ஒரு வடிவம். பணம் இருந்தால் வாங்குவேன் என்ற மாதிரி வாக்கியங்களுக்கு என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். பத்திரிகையைத் திறந்தால் அது வேறு வேலை செய்துகொண்டிருக்கும். "லு மினிஸ்த்ர் தெமிஸியொன்ரே" என்றால் அமைச்சர் ராஜினாமா செய்யப் போகிறாராம். "லாக்ஸிதான் ஒரே ஃபே த்ருவா மோர்" என்றால் விபத்தில் மூன்று பேர் இறந்தார்களாம். எந்த நிபந்தனையும் கிடையாது. செய்தியாளர் தன் கையைக் கழுவி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த வடிவத்துக்கும் "ஆம்"-க்கும் இருக்கிற உறவு செய்தியோடு நிற்கவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். பிரெஞ்சுப் பிள்ளைகள் விளையாடத் தொடங்கும்போது "ஓன் திரே கு ஜு ஸெரே லா மெத்ரெஸ், துவா து ஸெரே லெலேவ்" என்பார்கள். அதே கோன்திசியொனெல். எங்கள் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடினால் என்ன சொல்லும்? "நான் டீச்சராம், நீ பிள்ளையாம்." ஒருவருக்கொருவர் எந்தச் சம்பந்தமும் இல்லாத இரண்டு மொழிகள், வதந்திக்கும் பாவனை விளையாட்டுக்கும் ஒரே வடிவத்தை எடுத்திருக்கின்றன. இரண்டிலும் சொல்கிறவர் "இது உண்மை என்று நான் கையெழுத்துப் போடவில்லை" என்கிறார், ஒருவேளை அதனால்தான்.

பக்கத்திலேயே இன்னொரு வடிவம் இருக்கிறது, காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கேட்கும். ஒருவர் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. "இல் ஒரா ராத்தே ஸோன் த்ரான்" என்றால் ரயிலைத் தவறவிட்டிருப்பார். "இல் ஒரே ராத்தே ஸோன் த்ரான்" என்றால் ரயிலைத் தவறவிட்டாராம். ஒரா, ஒரே. கடைசி உயிரெழுத்து மட்டும் மாறுகிறது. முதலாவது என் ஊகம், இரண்டாவது யாரோ தந்த தகவல். நடந்து முடிந்ததை ஊகிக்க எதிர்கால வினையை எடுப்பதும் நமக்குப் புதிதில்லை, "தவறவிட்டிருப்பார்" என்பதில் அதுதானே நடக்கிறது.

பத்திரிகைக்காரர்கள் இந்த வடிவத்தை எவ்வளவு நம்புகிறார்கள் என்பது, அதைப் போடாமல் விட்ட நாளில்தான் தெரியவரும். 2019 அக்டோபர் 11 இரவு அப்படி ஒரு நாள். ஸாவியே துப்போன் து லிகொனெஸ் என்ற ஆளை பிரான்ஸில் தெரியாதவர் கிடையாது. 2011 ஏப்ரலில் நான்த் நகரத்து வீட்டில் மனைவியும் நான்கு பிள்ளைகளும் புதைக்கப்பட்டுக் கிடந்தார்கள், அவரைக் காணவில்லை, கொலைச் சந்தேகம் அவர்மேல். எட்டு வருடத்துக்குப் பிறகு கிளாஸ்கோ விமான நிலையத்தில் அவர் பிடிபட்டார் என்று செய்தி வந்தது. "பிடிபட்டாராம்" என்று வரவில்லை, "பிடிபட்டார்" என்றே வந்தது. பொலிஸ் வட்டாரங்கள் சொல்லிவிட்டன, பிறகு என்ன தயக்கம் என்று தொலைக்காட்சிகள் இரவு முழுக்க ஓட்டின, மறுநாள் காலைப் பத்திரிகைகளின் முதல் பக்கத்திலும் சந்தேகமில்லாத வினைதான். சனிக்கிழமை மரபணுச் சோதனை முடிவு வந்தது. ஆள் அவர் இல்லை. பாவம், யாரோ ஒரு வயதானவர் ஸ்கொட்லாந்துக்குப் போய் இறங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பிரெஞ்சு ஊடகங்களில் கோன்திசியொனெல் பற்றிய கட்டுரைகளுக்குக் குறைவே இருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "ஒரே", "ஸெரே" என்று போட்டுவிட்டால் சட்டத்தில் இருந்து தப்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முகநூலில் ஒருவரைப் பற்றி எழுதுகிறவர்களும் அப்படித்தான் நினைத்து எழுதுகிறார்கள். பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய 1881 ஜூலை 29 சட்டத்தின் 29-ஆம் பிரிவு, அவதூறை விளக்கும் இடத்திலேயே, சந்தேகத் தொனியில் சொல்லப்பட்டிருந்தாலும் அது தண்டனைக்குரியது என்று தெளிவாகச் சொல்கிறது. பெயரைச் சொல்லாமல், ஆளை அடையாளம் காணும்படி சொன்னாலும் அப்படித்தான். நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய ஆட்களுக்கு "ஆம்" போட்டுத் தப்பிக்கிற விளையாட்டு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதே பத்திரிகைகள்தான், குற்றம் நிரூபிக்கப்படும் வரை யாரும் நிரபராதி என்று அனுமானிக்க வேண்டும் என்ற நாட்டில், "லு மெர்த்ரியே ப்ரெஸூமே" என்று எழுதுகின்றன. அதாவது கொலைகாரர் என்று அனுமானிக்கப்படுபவர்! யாரும் அதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை.

இனி என் வேலைக்கு வருகிறேன், இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். அகதி விண்ணப்பம் கொடுத்த ஈழத்தவர் ஒருவரை ஃபோந்தனே-சு-புவாவில் இருக்கிற ஒஃப்ரா என்ற அரசு அகதி அலுவலகத்தில் விசாரிக்கிறார்கள். அங்கே நிராகரித்தால் மொந்த்ரெய்யில் இருக்கிற அகதி நீதிமன்றத்துக்குப் போகலாம். இரண்டு இடத்திலும் கதையை நம்பலாமா இல்லையா என்பதுதான் கேள்வி, கையில் வேறு சாட்சி பெரும்பாலும் இருக்காது. அந்த அறையில் ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள் (இது யாருடைய வாக்குமூலமும் இல்லை, எங்கும் வருகிற வாக்கியம்): "தம்பியை ஆமி பிடிச்சுக்கொண்டு போட்டாங்களாம்."

இதை பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? "ஆம்"-ஐ விட்டுவிட்டு "லார்மே அ அர்ரெத்தே மோன் ஃப்ரேர்" என்று சொன்னால் சுத்தமான வாக்கியம். அடுத்த கேள்வி, நீங்கள் அங்கே நின்றீர்களா? இல்லை, நான் கொழும்பில் நின்றனான். உடனே தாளில் ஒரு முரண்பாடு ஏறிவிடும், அதை அவர் சொல்லவே இல்லை. "இல் பரே கு" போட்டால்? வாசலில் நின்று பக்கத்து வீட்டுக் கதை சொல்கிற தொனி, தன் தம்பியைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். கோன்திசியொனெல் போட்டு "லார்மே ஒரே அர்ரெத்தே மோன் ஃப்ரேர்" என்றால் இன்னும் மோசம், சொல்கிறவரே அதை நம்பவில்லை போல ஆகிவிடும். செய்தி வாசிப்பவருக்கு அழகாக இருக்கிற அந்த விலகல், தமையன் வாயில் விகாரமாகக் கேட்கும். ஆகவே "ஓன் மா தி கு", எனக்குச் சொன்னார்கள் என்று மொழிபெயர்க்கிறோம். அதிகாரி உடனே கேட்பார்: கி, "ஓன்"? யார் சொன்னது?

நியாயமான கேள்விதான். தமிழில் "ஆம்" போட்ட பிறகு யார் சொன்னது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்துத்தான் நாங்கள் வளர்ந்திருக்கிறோம். அம்மா சொன்னாவோ, அயலட்டைச் சனம் சொன்னதோ, எல்லாம் அந்த ஒரு விகுதிக்குள் அடங்கிவிடும். பிரெஞ்சு நிர்வாகத்துக்கு அது போதாது. அதனால் விசாரணைக்கு முதல் ஆட்களைத் தயார்ப்படுத்துகிற சங்கத்தவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் பிரித்துச் சொல்லப் பழக்குங்கள், கேள்விப்பட்டதென்றால் யாரிடம், எப்போது, தொலைபேசியிலா நேரிலா என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தமிழிலேயே பழக்குங்கள். பிரெஞ்சு எங்கள் வேலை.

மறுபக்கமும் இருக்கிறது. நிராகரிப்புக் கடிதம் வரும். அதில் "லெ செவீஸ் கில் ஒரே சூபி" என்று இருக்கும், அவர் அனுபவித்ததாகச் சொல்லப்படும் சித்திரவதைகள். ஓரளவு பிரெஞ்சு படித்த பிள்ளையிடம் கொடுத்து வாசிப்பிப்பார்கள், பிள்ளையும் வகுப்பில் படித்தபடியே "அப்பா அடி வாங்கினாராம் எண்டு எழுதியிருக்கு" என்று சொல்லும். முதுகில் தழும்போடு இருக்கிற ஆளுக்கு அந்த "ஆம்" எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அந்த வினை பொய் என்று சொல்லவில்லை, நிரூபிக்கப்படவில்லை என்றுதான் சொல்கிறது, அகதி நீதிமன்றத் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற அந்தப் பழைய வாக்கியமும், சொல்லப்பட்ட சம்பவங்களை நிறுவப்பட்டவையாகக் கொள்ள முடியவில்லை என்றுதான் முடியும். இப்படி விளக்கிச் சொல்வதால் யாருக்கும் ஆறுதல் கிடைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம்தான் அவகாசம், பொய்யன் என்று எழுதிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு சோர்ந்துபோய் இருக்கிறவர்கள் அந்த மாதத்தை விட்டுவிடுகிறார்கள்.

சந்தேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. "சான் தூத்" என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் சந்தேகமின்றி. இன்றைய பொருள் அநேகமாக. "வு ஸாவே சான் தூத் ரெஸ்யூ நோத்ர் லெத்ர்" என்று அலுவலகக் கடிதத்தில் இருந்தால் உங்களுக்குக் கடிதம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறார்கள், உறுதியாகத் தெரியாது. உண்மையிலேயே சந்தேகமில்லை என்றால் நடுவில் "ஒக்யூன்" சேர்த்து "சான் ஸொக்யூன் தூத்" என்பார்கள். "ஜு தூத்" என்றால் எனக்குச் சந்தேகம், அப்படி இருக்காது. "ஜு மான் தூத்" என்றால் அதற்கு நேர் எதிர், அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதை வைத்து ஒரு கேலி உண்டாக்கலாம், ஆனால் எங்களுடைய "சந்தேகம்"-மும் அப்படித்தானே. அவனில் எனக்குச் சந்தேகம் என்றால், களவெடுத்தது அவன்தான் என்று நான் நினைக்கிறேன்.

மற்றது ஊர்வாய். "லெ ஸோன்-தி" என்றால் ஆட்கள் சொல்வதுகள், "லு கான்-திரா-தோன்" என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம். இந்தப் பயம் எங்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்கிறவர்கள் பிரெஞ்சுக் கிராமம் எதையாவது போய்ப் பார்க்கலாம். யார் சொன்னது என்று சொல்ல விருப்பமில்லாதவர் "மோன் புத்தி துவா மா தி" என்பார், என் சுண்டுவிரல் சொன்னது. மொலியேரின் 1673 நாடகத்தில் நோயாளி அப்பா தன் சின்ன மகளை மிரட்டி உண்மையை வாங்கும்போது காதுக்குள் விரலை வைத்துக் கேட்பது இதே விரல்தான். குத்திக் காட்டிவிட்டு ஓடுகிறவருக்கு "ஜு தி ஸா, ஜு தி ரியான்" இருக்கிறது, நான் சும்மா சொன்னன், ஒன்றும் சொல்லேல்லை. "ஸ்வா திசான்" என்பதைக் கண்டிப்பான ஆசிரியர்கள் மனிதருக்கு மட்டும்தான் பயன்படுத்த விடுவார்கள், தன்னைத்தானே இன்னார் என்று சொல்லிக்கொள்ள ஒரு மேசைக்கு வாய் இல்லையே என்று. சனம் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறது. "பெரிய டொக்டராம்!" என்று உதட்டைச் சுழித்துச் சொல்கிற நம்முடைய நக்கல் "ஆம்"-க்கு அதுதான் பொருத்தம். கோன்திசியொனெலில் அந்த நக்கல் வராது.

"நெருப்பில்லாமல் புகையாது" பிரெஞ்சிலும் அப்படியே இருக்கிறது, அங்கேயும் அது ஆபத்தான பழமொழி. 1969 மே மாதம் ஓர்லெயோன் நகரத்தில் ஒரு கதை பரவியது. யூதர்கள் நடத்துகிற துணிக்கடைகளில் உடுப்புப் போட்டுப் பார்க்கிற அறைக்குள் இளம்பெண்களுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கடத்தி வெளிநாட்டுக்கு விற்கிறார்களாம். ஒரு பெண்கூடக் காணாமல் போகவில்லை. பொலிஸில் ஒரு முறைப்பாடுகூட இல்லை. பத்திரிகைகள் மறுத்தபோது, அவர்களையும் விலைக்கு வாங்கிவிட்டார்களாம் என்று புதிதாக ஒரு "ஆம்" கிளம்பியது. சமூகவியலாளர் எத்கார் மொரான் ஒரு குழுவோடு அந்த ஊருக்குப் போய் ஆராய்ந்து அதே வருடம் புத்தகமாக்கினார். சிநேகிதியின் சிநேகிதி, மச்சாளின் பக்கத்து வீட்டுக்காரி என்று ஒவ்வொருவரும் இன்னொருவரைத்தான் கை காட்டுவார்கள், தேடிப் போனால் "ஓன்" என்ற அந்தப் பிரதிப்பெயருக்குள் யாரும் இருக்கமாட்டார்கள்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால் இந்த எல்லா வடிவமும் தமிழோடு கலந்து காதில் விழும். வீசா சட்டம் மாறப்போகுதாம், காட் வருசத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கிறதை நிப்பாட்டப் போறாங்களாம், யார் சொன்னது, லோயர் சொன்னவராம். "சி ஸா சு த்ரூவ்" என்று ஒருவர் தொடங்குவார், அது பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் "யார் கண்டது, ஒருவேளை" என்ற மாதிரி, புத்தகத்தில் அநேகமாக இருக்காது, தெருவில் நாள் முழுக்கக் கேட்கும். அதை அந்த இடத்தில் மொழிபெயர்க்க எனக்கு யாரும் காசு தருவதில்லை என்பதால் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன்.

இங்கே பிறந்த பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள். என் மகள் "இல் பரே நாளைக்கு கிறேவாம்" என்பாள், கிறேவ் என்றால் வேலைநிறுத்தம். "இல் பரே"-யும் "ஆம்"-மும் ஒரே வாக்கியத்தில், ஒன்று போதும் என்று திருத்திப் பார்த்தேன், கேட்கமாட்டாள். யார் சொன்னது என்று கேட்டால் "எல்லாரும்" என்பாள். வேலைநிறுத்த விஷயத்தில் அந்த எல்லாரும் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள், அதனால் நான் அடுத்த நாள் முதல் ரயிலுக்கு அலாரம் வைத்துவிடுவேன்.